முதல் கோப்பை நம் கையால்

அளவற்ற அருளாளனாகிய அல்லாஹ்வைப் புகழ்ந்தும், அவனுடைய திருத்தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லியும் தொடங்குகிறோம்.

 

நாம் ஆலிம் அல்லோம். சிறு வயதில் மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததும், பிறகு கடையில் கற்றதுமே நம் கல்வி. விருந்தாளிகளைப் பேணுவது பற்றி நாலு வார்த்தை எழுதும்படி சங்கத்தார் கேட்டபோது, அதற்குத் தகுதியுள்ளவர்கள் வேறு பலர் இருக்கிறார்களே என்று தயங்கினோம். ஆயினும், இவ்விஷயத்தில் நம் வீட்டிலேயே நேர்ந்த ஒரு தவறு மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதைச் சொன்னால் வேறு வீடுகளில் அது நேராமலிருக்கலாம் என்ற எண்ணத்தில் எழுதத் துணிந்தோம்.

அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்பியவர் தம் விருந்தாளியைக் கண்ணியப்படுத்த வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை. ஒரு பகலும் ஓர் இரவும் சிறப்பான உபசரிப்பு. விருந்து என்பது மூன்று நாள். அதற்கு மேல் செய்வது தருமம் என்றும் அவர்கள் வகுத்திருக்கிறார்கள். வீட்டுக்காரருக்குச் சங்கடம் உண்டாகும்வரை விருந்தாளி தங்கியிருக்கலாகாது என்பதும் அதே ஹதீதில் உண்டு. விருந்தாளிக்கு உரிமை, வீட்டுக்காரருக்கு நிம்மதி என்ற இரண்டையும் மார்க்கம் ஒரே இடத்தில் வைத்துப் பேசுவதைக் கவனிக்க வேண்டும். நாமோ முதலாவதைப் பேசுகிற அளவுக்கு இரண்டாவதைப் பேசுவதில்லை.

நிற்க, நம் வீட்டில் நேர்ந்ததைச் சொல்கிறோம்.

நம் அத்தா 1950-களின் கடைசியில், பதின்மூன்று வயதில், ரஜூலாக் கப்பலில் பினாங்குக்கு வந்தவர்கள். சூலியா வீதியை அடுத்த ஒரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார்கள். கடை மாடியில் பாய் விரித்து ஏழெட்டுப் பேர் வரிசையாகப் படுத்திருந்த காலம் அது. தாயை விட்டு வந்த பிள்ளைக்குப் பசித்தாலும் கேட்கத் தெரியாது. முதலாளியைக் கண்டால் பயம். அக்கடையில் மூத்த சிப்பந்தியாக இருந்த ஒருவர், சுபுஹுக்கு முன் எழுந்து கோப்பி ஊற்றும்போதெல்லாம் ஒரு மங்கில் கூடுதலாக ஊற்றி, அதன் மேல் பீரிஸைக் கவிழ்த்து, அத்தாவின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவாராம். "குடி" என்று சொல்லவும் மாட்டார், "குடித்தாயா?" என்று கேட்கவும் மாட்டார். இந்த மங்குக் கோப்பியைப் பற்றி அத்தா கடைசிக் காலம்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெரியவர் பின்னர் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் போய், இராமநாதபுரம் பக்கத்தில் தங்கிவிட்டார். எண்பதைக் கடந்த வயதில், உழைத்த ஊரை இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில், ஊர்க்காரர் ஒருவரின் துணையோடு விமானமேறி வந்தார். அத்தா இல்லாத வீடானாலும் நம் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று அழைத்து வந்தோம். அவரைப் 'பெரியத்தா' என்றே பிள்ளையிலிருந்து நாம் அழைப்பது வழக்கம்.

அவர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. ஆட்டுக்கறியும் நெய்ச்சோறும் ஆக்கினோம். அண்டை வீட்டாரையும் கூப்பிட்டோம். புதன்கிழமை கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் தொழவைத்து, பழைய கடை இருந்த தெருவெல்லாம் சுற்றிக் காட்டினோம். நம் உபசரிப்பில் ஒரு குறையும் இல்லை என்று நாமே நமக்கு மார்க்குப் போட்டுக்கொண்டோம்.

வியாழக்கிழமை காலை நம் மனைவி கோப்பியும் இடியாப்பமும் கொண்டுபோய் வைத்தபோது, பெரியத்தா சிரித்துக்கொண்டே, "இன்னிக்கி நோன்பும்மா" என்றார்.

"சஹருக்கு எங்களை எழுப்பக் கூடாதா பெரியத்தா? என்ன சாப்பிட்டீங்க?"

"எதுக்கும்மா புள்ளைங்க தூக்கத்தைக் கெடுக்கணும்? ஒரு மடக்குத் தண்ணி குடிச்சேன். அதுவும் சஹர்தானே."

அந்தத் தண்ணீரையும் எங்கே குடித்தார் என்று பிறகு தெரிந்தது. ஒளுச் செய்யும் குழாயில், கையை ஏந்திக் குடித்திருக்கிறார். அடுப்படிக் கதவு சாத்தியிருந்தது. பெண்கள் புழங்கும் இடத்துக்குள் இரவில் போக அவருக்கு மனம் வரவில்லை. விளக்கைப் போட்டால் பிள்ளைகள் விழித்துக்கொள்வார்கள் என்று இருட்டிலேயே நடந்திருக்கிறார். அன்று அஸருக்குப் பிறகு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததை நாம் கண்ணால் கண்டோம்.

ஒரு மிடறு தண்ணீராலும் சஹர் நிறைவேறும் என்று அவர் சொன்ன மார்க்கம் சரியானதே. நாம் செய்த விருந்துதான் சரியில்லை. கேட்கத் தெரியாத ஒரு பிள்ளையின் தலைமாட்டில் கோப்பியை மூடி வைத்த மனிதர், அந்தப் பிள்ளையின் மகன் வீட்டில் குழாய்த் தண்ணீரைக் குடித்து நோன்பு வைத்தார்.

சகோதரர்களே! நபி இப்ராஹீம் (அலை) அவர்களிடம் விருந்தாளிகள் வந்த செய்தி திருக்குர்ஆனில் 'ஹூது' அத்தியாயத்திலும் 'அத்தாரியாத்' அத்தியாயத்திலும் வருகிறது. வந்தவர்கள் முன்பின் அறியாதவர்கள். "என்ன சாப்பிடுகிறீர்கள்? சமைக்கட்டுமா?" என்று அவர்களிடம் கேட்டு நிற்கவில்லை நபியவர்கள். சந்தடியில்லாமல் தம் வீட்டாரிடம் சென்றார்கள். தாமதிக்காமல் கொழுத்த கன்றின் பொரித்த இறைச்சியைக் கொண்டுவந்தார்கள். அதை விருந்தாளிகளுக்கு அருகிலேயே நகர்த்தி வைத்தார்கள். அதன் பிறகே உண்ணும்படி சொன்னார்கள்.

இதில் மூன்று பாடங்கள் இருப்பதாக நாம் காண்கிறோம். ஒன்று, விருந்தாளியைக் கேட்க வைக்காதிருத்தல். இரண்டு, நாம் படும் சிரமத்தை அவர் கண்ணில் படாமல் வைத்தல். மூன்று, பொருளை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தல். நாமோ, "கோப்பி வேணுமா?" என்று கேட்கிறோம். அவர், "வேண்டாம், இப்போதுதான் குடித்தேன்" என்கிறார். இவ்விரண்டில் எத்தனை தடவை உண்மை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அன்றியும், கோப்பிக்கும் இரவு வணக்கத்துக்கும் பழைய உறவு உண்டு. இப்பானம் உலகில் பரவியதே எமன் நாட்டிலிருந்துதான். 15-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த சூபி பெருமக்கள், இரவில் திக்ருக்கு விழித்திருப்பதற்காகக் 'கஹ்வா'வை அருந்தினார்கள். 1511-ல் மக்காவில் ஓர் அதிகாரி இதைத் தடுத்துப் பார்த்தார், அத்தடை நிலைக்கவில்லை. எமனின் மோக்கா துறைமுகத்திலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றியவர் பாபா புதன் என்னும் இறைநேசர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அம்மலைக்கு இன்றும் அவர் பெயரே. ஆகவே தஹஜ்ஜுதுக்கு எழுகிற விருந்தாளிக்கு ஒரு கோப்பைக் கோப்பி கிடைக்கும்படி செய்வது புது நாகரிகமன்று. கோப்பி பிறந்த வேலையை அதற்குத் திரும்பக் கொடுப்பதேயாகும்.

அன்று நோன்பு திறந்த பிறகு நாமும் மனைவியும் கலந்து பேசி ஒரு காரியம் செய்தோம். பெரியத்தா படுக்கும் அறைக்கு வெளியே, அடுப்படிக்குப் போகாமலே எட்டும் இடத்தில், பிள்ளைகளின் பழைய படிப்பு மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். பிளாஸ்க்கு ஒன்றைத் தவிர வேறெதையும் புதிதாக வாங்கவில்லை. அதன் விவரத்தைக் கடைச் சாமான் பட்டியல் போலவே சொல்கிறோம். வேண்டியவர்கள் அப்படியே செய்து பார்க்கலாம்.

முதலாவது, சுடுநீர். மேலே அழுத்தினால் நீர் வருகிற பிளாஸ்க்கு முதியவர்களுக்கு நல்லது. தூக்கிச் சாய்க்க வேண்டியதில்லை. வெறும் பிளாஸ்க்கில் நேரே ஊற்றாமல், முதலில் கொஞ்சம் கொதிநீரை விட்டுச் சுழற்றிக் கொட்டிவிட்டுப் பிறகு நிரப்பினால் சூடு நெடுநேரம் நிற்கும். இஷாவுக்குப் பின், படுக்கப் போகும்போது நிரப்ப வேண்டும். மேசையின் ஓரத்தில் வைக்காமல் உட்புறமாக வைப்பது சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் மிக அவசியம்.

இரண்டாவது, கோப்பித் தூள். சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுத்த நம் நாட்டுத் தூளைத் துணிப்பையில் வடித்துக் குடிப்பதுதான் ருசி. ஆனால் நள்ளிரவில் விருந்தாளி துணிப்பையோடு மல்லாட முடியாது. முன்னமே வடித்துப் பிளாஸ்க்கில் வைத்தாலும் நேரமாக ஆக அதன் சுவை கெட்டுப் புளித்துப் போகும். ஆகவே வெந்நீரில் உடனே கரைகிற, சீனி சேராத தூளை அகன்ற வாய்ப் போத்தலில் வைத்தோம். கூடவே தேயிலைப் பொட்டலங்கள் சிலவும், கோப்பி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சுக்குத் தூளும்.

மூன்றாவது, சீனியும் பால் மாவும் தனித்தனிப் போத்தல்களில். தூள், பால், சீனி மூன்றும் கலந்த பொட்டலம் சுலபந்தான். ஆனால் நம்மவர்களில் இனிப்பு நீர் உள்ளவர்கள் அநேகம் பேர். கலந்துவிட்ட சீனியை அவர்களால் பிரித்தெடுக்க முடியாது. சங்கோசப்பட்டுக் குடித்தும் விடுவார்கள். எறும்புக்குப் பயந்தால் சீனிப் போத்தலைத் தண்ணீர் விட்ட பீரிஸில் நிறுத்தலாம். பால் மாவு வாங்கும்போது ஹலால் முத்திரையைப் பார்த்து வாங்குவதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது, மூடியுள்ள ஒரு ஜாடியில் குடிதண்ணீர்; இறுக்கமான டின்னில் கொஞ்சம் ரொட்டியும் பேரீச்சம்பழமும். முஃமினுடைய சஹருக்குப் பேரீச்சம்பழம் எவ்வளவு நல்லது என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஐந்தாவது, இரண்டு கோப்பைகள், பீரிஸ்கள், கரண்டிகள். தூள் அள்ள ஒரு கரண்டி, கலக்க ஒரு கரண்டி. ஈரக் கரண்டி பட்டால் தூள் கட்டியாகிவிடும். குடித்த கோப்பையையும் சக்கையையும் போட ஒரு கிண்ணம். எங்கே கழுவுவது, எங்கே கொட்டுவது என்று விருந்தாளி தேடி அலையக் கூடாது.

ஆறாவது, இரவில் பாத்திரங்களை மூடி வைப்பது நபிமொழி. எல்லாவற்றையும் மூடி, மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தினோம். பக்கத்தில் மங்கலான சிறு விளக்கு ஒன்று. ஒவ்வொரு போத்தலிலும் பெரிய எழுத்தில் 'கோப்பி', 'சீனி', 'சுக்கு' என்று தமிழில் எழுதி ஒட்டினோம். ஊரில் சிக்கரி கலந்த கோப்பி குடித்துப் பழகியவர்களுக்கு இங்குள்ள கோப்பி கடுமையாக இருக்கும். இங்கே பெரிதும் புழங்கும் ரொபஸ்டாவில், தூக்கத்தைக் கலைக்கும் காப்பின் என்ற பொருள் அரபிகாவில் உள்ளதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே 'அரைக் கரண்டி போதும்' என்றும் எழுதி வைத்தோம்.

காலையில் பிளாஸ்க்கின் மிச்ச நீரைக் கொட்டி, மூடியைத் திறந்து காயவைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இதைப் பார்த்த நம் ராத்தா, "இது என்ன, வீட்டுக்குள்ள கோப்பிக்கடை வச்சிருக்கே! வந்தவங்க தானே ஊத்திக் குடிக்கிறதா? நம்ம வாப்பா வீட்டு மரியாதை எங்கே போச்சு?" என்று கடிந்துகொண்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. விருந்தாளிக்கு மேசையைக் காட்டிவிட்டு நாம் கால் நீட்டிப் படுத்தால் அது உபசரிப்பன்று, சோம்பல். ஆகவே வீட்டில் ஒரு முறையை வைத்துக்கொண்டோம். வந்தவருக்கு முதல் கோப்பை நம் கையால். ஸலாம் சொல்லி, உட்கார வைத்து, வலப்பக்கம் இருப்பவரிலிருந்து தொடங்கி, நாமே ஏந்திக் கொடுக்க வேண்டும். கொடுப்பவர் கடைசியில் குடிக்க வேண்டும் என்பதும் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்த ஒழுக்கம். காலைப் பசியாறலும் அப்படியே. மேசை, நாம் இல்லாத நேரத்துக்கும் அவர் கேட்கக் கூசும் நேரத்துக்கும் மட்டுமே. முதல் நாள் மாலையே அவரைக் கையோடு அழைத்துப்போய், "இது உங்களுக்காக வைத்தது, எந்நேரமும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று காட்டிவிட வேண்டும். காட்டாவிட்டால் தொட மாட்டார்.

இதைக் கேட்டபின் ராத்தா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நம் மனைவி ஒரு வார்த்தை சொன்னாள்: "விருந்தாளி வந்தா மரியாதை உங்களுக்கு, அடுப்பு எனக்கு." பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு வருகிற நாம், நண்பர்களோடு உட்கார்ந்து, "இன்னும் ரெண்டு கோப்பி" என்று உள்ளே குரல் கொடுக்கிறோம். அந்த இரண்டு கோப்பிக்காக எத்தனை தடவை ஒரு பெண்பிள்ளை தொழுகைப் பாயிலிருந்தும், பிள்ளையைத் தூங்கவைக்கும் இடத்திலிருந்தும் எழுந்திருக்கிறாள் என்று நாம் கணக்கு வைத்ததில்லை. கடையில் ஐந்து காசுக்கும் பேரேடு எழுதுகிறவர்கள் நாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு எவரும் விலை கூடிய இயந்திரம் வாங்கிவிட வேண்டாம். பொத்தான் பல உள்ள இயந்திரத்தைக் கண்டால், அது கெட்டுவிடுமோ என்று பயந்து விருந்தாளி மறுபடியும் குழாய்த் தண்ணீரையே குடிப்பார். ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களைக் காண வந்த இருவருக்கு, வீட்டிலிருந்த ரொட்டியையும் உப்பையும் வைத்தார்கள். விருந்தாளிக்காகச் சக்திக்கு மீறிச் சிரமப்படுவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திராவிட்டால் இன்னும் செய்திருப்பேன் என்றும் சொன்னார்கள். வந்தவர்களில் ஒருவர், உப்போடு கொஞ்சம் நறுமணத் தழை இருந்தால் நன்றாயிருக்குமே என்றார். ஸல்மான் (ரலி) அவர்கள் தம் ஒளுப் பாத்திரத்தை மளிகைக்காரரிடம் அடகு வைத்துத் தழையை வாங்கிவந்து கொடுத்தார்கள். உண்டு முடித்தபின் அவர், கொடுத்ததைக் கொண்டு மனநிறைவைத் தந்த அல்லாஹ்வுக்கே புகழ் என்றார். நீர் மனம் நிறைந்திருந்தால் நம் பாத்திரம் கடைக்காரரிடம் போயிராதே என்று பதில் சொன்னார்களாம் ஸல்மான் (ரலி) அவர்கள். இச்செய்தி மளிகைக் கடைக்காரர்களாகிய நமக்கு இரண்டு விதத்திலும் பொருந்தும். வீட்டுக்காரராக இருக்கும்போது உள்ளதை வைப்போம். விருந்தாளியாகப் போகும்போது வைத்ததைக் கொண்டு நிறைவடைவோம். உணவில் குறை சொல்வது நாயகம் (ஸல்) அவர்களின் வழக்கத்திலேயே இல்லை.

இனி, பெரியத்தாவின் செய்தியை முடித்துவிடுகிறோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் அவர் தம் பையைக் கட்டத் தொடங்கினார். "மூணு நாளாச்சு தம்பி, ஹதீது தெரியாதவனா நான்?" என்றார். "உங்களால் இந்த வீட்டில் யாருக்கும் சங்கடமில்லை பெரியத்தா" என்று நாம் சொன்னோம். அவர் திரும்பி அந்த மேசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையை அவிழ்த்து வைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமைவரை இருந்தார்.

இடையில் திங்கட்கிழமை வந்தது. சுபுஹு பாங்கு கேட்டு நாம் கண் விழித்தபோது, அவர் சஹரை முடித்து முஸல்லாவில் உட்கார்ந்திருந்தார். முன்னறையில், நம் தொழுகைப் பாய்க்குப் பக்கத்தில், ஒரு கோப்பை. அதன் மேல் கவிழ்த்த பீரிஸ். எடுத்துப் பார்த்தோம், சூடு ஆறவில்லை. நாம் குடித்தோமா என்று அவர் கேட்கவில்லை.

அவர் ஊருக்குப் போன பிறகும் அந்த மேசையை நாம் அகற்றவில்லை. ஊரிலிருந்து வேலை தேடி வந்து தங்குகிற பையன்களும், பினாங்குக்கு மருத்துவம் பார்க்க வந்து ஒரு வாரம் இருக்கிற உறவினரும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பணக்கார விருந்தாளிக்கு எப்படியும் எவராவது ஊற்றிக் கொடுப்பார்கள். கேட்கக் கூசுகிற ஏழை விருந்தாளிக்குத்தான் அம்மேசையின் அருமை தெரிகிறது.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளுக்கு விருந்தாளிகளையும், அவர்களோடு உன் பரக்கத்தையும் அனுப்புவாயாக! கேட்பதற்கு முன் கொடுக்கிற மனத்தை எங்களுக்கும், எங்கள் பிள்ளைகளுக்கும் தருவாயாக! எங்களுக்காக அடுப்படியில் நிற்கும் பெண்மக்களுக்கு ஈருலகிலும் இளைப்பாறுதலைத் தருவாயாக! எங்களுக்கு முன் இந்நாட்டுக்கு வந்து, கடை மாடிகளில் பாய் விரித்துப் படுத்து, எங்களை ஆளாக்கிய பெரியவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களை உன் விருந்தாளிகளாக ஏற்றுக்கொள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.